ஜப்பானிய மொழிக்கு ஆன்லைன் ஆசிரியர் தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தனி ஆசிரியர் வைத்து ஜப்பானிய மொழி கற்கப்போகிறவர்கள், மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். எனக்குப் பணம் மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். தப்பான இலக்கணம் மனதில் ஊறிப்போய், அதைக் களையவே இன்னொருவரிடம் முதல் பாடத்திலிருந்து மறுபடி உட்கார வேண்டியதாகிவிட்டது.

ஜப்பானிய மொழித்திறன் தேர்வான ஜேஎல்பிடியின் தொடக்க நிலைதான் என்5. "என்5 தேர்ச்சிக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் அந்த ஆசிரியர் முழுத் தொகையையும் வாங்கினார். ஆனால் பாடம் முழுவதும் ஆங்கில எழுத்தில். ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான ஹிராகனாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். அதைக் கேட்டால், "எழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் பேசுங்க" என்பார். என்5 வினாத்தாளில் ஆங்கில எழுத்து வழியே ஜப்பானியம் வராது. கானா எனும் ஒலியெழுத்துகளும் (ஹிராகனா, கதகானா), காஞ்சி எனும் சீன வழி எழுத்துகளில் எளியவையும்தான் வரும். 'வா' என்று படிக்கிற இடைச்சொல்லை 'ஹா' எழுத்தால்தான் எழுதுவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாமலே பல பாடங்கள் ஓடிவிட்டன.

பெரிய சேதம் வினைச்சொற்களில். தமிழில் 'சாப்பிட்டு', 'போய்' என்று வினையெச்சம் வைத்து வாக்கியத்தை நீட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலையை அங்கே 'தெ' வடிவம் செய்கிறது. ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்வதற்கும், இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. இதைச் சரியாகப் போட வினை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். அவர் பிரிவுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'தபெரு' (சாப்பிடு) என்றால் 'தபெதெ', ஆகவே கடைசி 'ரு'வை எடுத்துவிட்டு 'தெ' போட்டால் போதும், எல்லாவற்றுக்கும் இதே விதி என்றார். வீடு திரும்புவதைக் குறிக்கும் 'கயெரு', 'தபெரு'வைப் போலன்றி முதல் பிரிவு, அதற்கு 'கயெத்தெ' என்று வர வேண்டும். நான் 'கயெதெ' என்றே பழகினேன். அது 'மாற்றி' என்று பொருள்படும் வேறொரு வினையின் வடிவம்! இரண்டாவது ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டியபோது ஆத்திரம்தான் வந்தது. தொடக்கப் புத்தகம் எதைப் புரட்டினாலும் இருக்கிற விஷயம் இது.

பெயரடையிலும் இதே கதை. விலை அதிகமாக இருந்தது என்பதற்கு 'தகாய் டெஷிதா' என்று சொல்லித்தந்தார். 'தகாகத்தா டெஸ்' என்பதே சரி. இறந்தகாலம் அந்தப் பெயரடையிலேயே ஏற வேண்டும்.

அப்புறம் 'நி', 'டெ'. நூலகத்தில் இருக்கிறேன், நூலகத்தில் படிக்கிறேன் என இரண்டுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். அங்கே இருப்பதற்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'டெ'. நாம் தடுமாறுவது இங்கேதான், ஆசிரியர் தேவைப்படுவதும் இங்கேதான். ஏன் மாறுகிறது என்று கேட்டதற்கு, "ஜப்பான்காரங்க அப்படித்தான் சொல்வாங்க, மனப்பாடம் பண்ணுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். வாக்கிய அமைப்பிலேயே தமிழுக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மொழியை இப்படிப் பாழாக்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் வந்தது அப்பட்டமான பொய். என்5-இல் பேச்சுத் தேர்வு உண்டு, அதற்குத் தனிப் பயிற்சி, தனிக் கட்டணம் என்றார். ஜேஎல்பிடி தேர்வில் எந்த நிலையிலும் பேச்சுத் தேர்வு கிடையாது, கட்டுரை எழுதுவதும் கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண், 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்குக் குறைந்தது 38, கேட்டலில் 60-க்குக் குறைந்தது 19 கட்டாயம். கேட்டலில் 19-க்குக் கீழே போனால் மொத்தம் 80-ஐத் தாண்டினாலும் தேர்ச்சி இல்லை. அந்தக் கேட்டல் பயிற்சியை அவர் ஒருநாளும் தரவில்லை. இதைக் காட்டிக் கேட்டதும் வகுப்புகள் தள்ளிப்போயின, பிறகு பதிலே இல்லை. மீதி வகுப்புகளுக்கான பணமும் திரும்பவில்லை.

யாரிடம் சேர்வதாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். 'கயெரு'வுக்கு 'தெ' வடிவம் என்ன, ஏன் என்று கேளுங்கள். 'நி'க்கும் 'டெ'க்கும் வித்தியாசம் கேளுங்கள். நல்ல ஆசிரியர் உடனே இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டுவார். அவருடைய ஜேஎல்பிடி சான்றிதழைக் கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். அவரே அச்சடித்துத் தரும் 'படிப்பு முடித்த சான்றிதழ்' ஜேஎல்பிடி ஆகாது. தேர்வின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மாதிரி வினாக்களும் கேட்டல் ஒலிப்பதிவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடம் அந்தத் திசையில் போகிறதா என்று அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பு ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டிய ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். நான் புகார் கொடுத்திருப்பது அவற்றை வைத்துத்தான்.