வைஸில் பல வருடம்: அந்த ஒலி கடைசியில் எத்தனை டெசிபல்?

நண்பர் ஒருவர் தனி ஆளாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறார். ஒலி வேலைக்கு வைஸ் எடுக்கலாமா, எஃப்மோட் போதுமா என்று கேட்டார். இரண்டும் கேமுக்குள் ஒலிகளை அடுக்கி, கலந்து, ஒலிக்கவைக்கிற மென்பொருள்கள். போனில் பதில் சொல்லத் தொடங்கியவனுக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, ஒலியின் அளவுகளை மாற்றுகிற வைஸின் ப்ராப்பர்ட்டி எடிட்டர் மேல். பல வருடமாக அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன். அதனால் ஆற அமர எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஈவென்ட், பேங்க், பஸ் எல்லாம் என்னவென்று தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். ஒரு சவுண்ட் ஆப்ஜெக்டைத் தேர்ந்தெடுத்தால், அது கடைசியில் எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்பதை அந்த எடிட்டர் சொல்வதில்லை. வைஸில் ஒலிகள் அடுக்குக்குள் அடுக்காக இருக்கும்; அந்த அடுக்கில் நாம் போட்ட எண்ணை மட்டும் காட்டும். நான் பயன்படுத்திய பதிப்புகள் எல்லாவற்றிலும் இப்படித்தான்.

ஈர மண்ணில் காலடிச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். சவுண்டைத் திறந்தால் வாய்ஸ் வால்யூம் 0, அதாவது கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, என்று இருக்கும். ஆனால் கேமில் காலடியே கேட்காது. மேலே போய்ப் பார்த்தால் ரேண்டம் கன்டெய்னரில் (பல ஒலிகளில் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும் தொகுப்பு) -3. அதற்கு மேலே கதாபாத்திரத்தின் ஆக்டர்-மிக்சரில் (பல ஒலிகளை ஒன்றாக அடக்கும் மேலடுக்கு) -4. அதற்கும் மேலே, மொத்தத்தையும் அடக்கி வைக்க என்றோ யாரோ போட்ட -6. ஆக மொத்தம் -13 டெசிபல். அலைவீச்சு கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. நம் கண் முன்னால் இருக்கிற ஜன்னலோ பூஜ்ஜியம் என்கிறது. பிட்சும் (ஸ்ருதி) இதே கதைதான். தாயில் (மேலடுக்கில்) 200 சென்ட், பிள்ளையில் (கீழடுக்கில்) 300 சென்ட் என்றால் கேட்பது 500. உச்ச ஒலிகளை வெட்டுகிற லோ-பாஸ் ஃபில்டரில் நிலைமை இன்னும் மோசம். அது ஹெர்ட்ஸில் இல்லாமல் 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் இருக்கிறது. மேலே 30, கீழே 40 என்று தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். கூட்டினால் 70. ஒலி போர்வைக்குள் புகுந்துவிடும்.

வால்யூம், பிட்ச், ஃபில்டர் எல்லாம் இப்படி மேலிருந்து கீழே கூடிக்கொண்டே வரும். பொசிஷனிங் (ஒலி எங்கிருந்து வருகிறது), எந்த பஸ்ஸுக்கு (பல ஒலிகள் ஒன்றாகக் கலக்கும் பாதை) போகிறது என்பவை இப்படிக் கூடிக்கொண்டு வராது. மேலே என்ன வைத்தோமோ அதை அப்படியே கீழே உள்ளவையும் எடுத்துக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் ‘ஓவர்ரைடு பேரன்ட்’ பெட்டியில் டிக் போட வேண்டும். டிக் இல்லாதவரை அந்தப் பகுதி மங்கலாகவே இருக்கும். இந்த இரண்டு விதிகளும் ஒரே ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

அந்த டிக் பழைய ப்ராஜெக்டுகளில் பெரிய தலைவலி. தூரம் போகப்போகச் சத்தம் குறையும் வளைவைத் தாயில் மாற்றுகிறோம். ஏற்கெனவே டிக் போட்ட பிள்ளைகள் மட்டும் பழைய வளைவிலேயே நிற்கும். கேமில் நடந்து பார்க்கும்போது பத்துத் தவளைகள் ஒழுங்காக மறையும், ஒரு தவளை மட்டும் ஆற்றின் அக்கரையிலிருந்தும் காதுக்குள் கத்தும். ஓவர்ரைடு போட்டவற்றை மட்டும் பட்டியல் எடுக்க க்வெரி (தேடல்) வசதி இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அப்படித் தேட வேண்டும் என்று தோன்றுவதே அந்தத் தவளை கத்திய பிறகுதான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கடைசி எண்ணை எடிட்டரில் காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த எண் கேம் ஓடும்போதுதான் முழுமையடைகிறது. வண்டியின் வேகத்தோடு ஒரு ஆர்டிபிசி (கேமில் மாறும் எண்ணோடு ஒலியை இணைப்பது) கட்டியிருப்போம், நீருக்கடியில் என்று ஒரு ஸ்டேட் (கேமின் நிலை) இருக்கும், ரேண்டமைசர் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு அளவைக் கூட்டிக் குறைக்கும். இதையெல்லாம் கேம் ஓடாமல் யாராலும் சொல்ல முடியாது. ஓடும்போது சொல்வதற்கு ப்ரொஃபைலரில் (ஓடும் கேமைக் கண்காணிக்கும் பகுதி) வாய்ஸ் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு ஒலியைப் பிடித்து, எந்த அடுக்கு எத்தனை டெசிபல் குறைத்தது, எந்த பஸ் எவ்வளவு கூட்டியது, தூரம் எவ்வளவு தின்றது என்று வரிவரியாகக் காட்டும். ஒலிக் கருவிகளில் இவ்வளவு நேர்மையான ஒரு ஜன்னலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு கேம் ஓட வேண்டும், ஒலி ஒலிக்க வேண்டும், அதை நாம் பிடிக்க வேண்டும். நிலையாகப் போட்டு வைத்த நான்கு எண்களைக் கூட்டிச் சொல்ல இவ்வளவும் எதற்கு? அடுக்குகளைப் படமாகக் காட்டும் ஸ்கீமாட்டிக் வியூவில் ஒவ்வொரு அடுக்கின் எண்ணும் தெரியும், சரி. கூட்டல் நம் தலையில்தான். ஸ்லைடருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மேலிருந்து -13’ என்று ஒரு வரி போதும். இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் நானே எழுதிக்கொண்டேன். 2017-இல் வந்த வாபி என்ற நிரலாக்க வழி இதற்குக் கைகொடுத்தது. வைஸ் திறந்திருக்கும்போதே பைத்தானிலிருந்து ஒரு ஆப்ஜெக்டின் முன்னோர்களையெல்லாம் (மேலடுக்குகளை) கேட்டு வாங்கலாம், அவற்றின் வால்யூமைப் படிக்கலாம், வேண்டுமானால் மாற்றவும் செய்யலாம். அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, வலது-கிளிக் மெனுவிலேயே கட்டளையாகச் சேர்த்துவிட்டேன். ஒலியைத் தேர்ந்தெடுத்துக் கிளிக் செய்தால் வால்யூம், பிட்ச், ஃபில்டர் மூன்றின் கூட்டுத்தொகையும் வந்துவிடும். பஸ்ஸும் ஆர்டிபிசியும் அதில் சேராது. ஆனாலும் தினமும் பயன்படுகிறது. எரிச்சல்படுத்துகிற கருவியே அதைத் தீர்க்கும் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. அதற்காக உண்மையிலேயே நன்றி சொல்கிறேன்.

இன்னும் சில சந்தோஷங்களும் உண்டு. பல ஒலிகளை ஒரே நேரத்தில் மாற்றுகிற மல்ட்டி எடிட்டர் இல்லாமல் என்னால் இப்போது வேலையே செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான வசன ஒலிகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் எம்மும் அழுத்தினால், அத்தனைக்கும் ஒரே இடத்தில் மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்காமல், ஒவ்வொன்றிலும் இருக்கிற அளவிலிருந்து 2 டெசிபல் குறைக்கவும் முடியும். கவனமாகச் செய்து வைத்த சமநிலை கெடாது. அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் கேமோடு இணைத்துக்கொண்டு ஸ்லைடரை நகர்த்தினால் உடனே காதில் கேட்கும். மழையையும் வசனத்தையும் ஒன்றோடொன்று சரிக்கட்டுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கன்சோலுக்கு ஒரு வால்யூம், மொபைலின் சின்ன ஸ்பீக்கருக்கு வேறொரு வால்யூம் என்று ஒரே ப்ராப்பர்ட்டியைப் பிரித்து வைக்கலாம். ப்ராஜெக்டைப் பிரித்துச் சேமிக்கும் வொர்க் யூனிட்டுகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருப்பதால், யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்று வெர்ஷன் கன்ட்ரோலில் பார்த்துவிடலாம். மேலே சொன்ன -6 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் அதுதான் உதவும்.

நான் திட்டுகிற அந்த அடுக்குமுறையே பெரிய வேலைகளில் காப்பாற்றவும் செய்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய வாரம் ‘விலங்குகள் எல்லாம் கொஞ்சம் அதிகம்’ என்று இயக்குநர் சொன்னால், ஒரே ஒரு ஆக்டர்-மிக்சரில் -2 போட்டால் முடிந்தது. ஆயிரம் கோப்புகளைத் தொட வேண்டாம்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் சொன்னது: உங்களுக்கு வைஸ் வேண்டாம், எஃப்மோட் எடுங்கள். அங்கே ஈவென்டுகளை எந்த ஃபோல்டரில் போட்டாலும் அந்த ஃபோல்டர் சத்தத்தைத் தொடாது. ஃபோல்டர் அடுக்கி வைக்க மட்டும்தான். ஒரு ஈவென்டைத் திறந்தால் இன்ஸ்ட்ருமென்ட், ட்ராக், மாஸ்டர் எல்லாம் ஒரே திரையில் இருக்கும். மிச்சம் மிக்சரில். கூட்டல் அங்கேயும் உண்டு, ஆனால் தேடி அலைய வேண்டியதில்லை. இருநூறு முந்நூறு ஒலிகளோடு ஒருவரே உட்கார்ந்து செய்கிற கேமுக்கு வைஸின் பரம்பரை விதிகள் தேவையில்லாத சுமை. இரவு பதினொரு மணிக்கு ஒரு காலடிச் சத்தத்தைத் தேடி நாலு அடுக்கு ஏறி இறங்குகிற வேலை அவருக்கு வேண்டாம்.

“அப்போ நீங்க ஏன் இன்னும் அதையே வெச்சிருக்கீங்க?” என்றார். எங்கள் ப்ராஜெக்டில் ஆயிரக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன, அவற்றைத் தொடுகிறவர்களும் பல பேர். அடுத்த ப்ராஜெக்டுக்கும் வைஸைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், எஃப்மோடே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.