கொரோனா: ஆண்களுக்கு ஐசியு, பெண்களுக்கு நீண்ட அவதி

தொற்று ஆண், பெண் என்று பார்த்து வரவில்லை. ஆனால் 2020-இல் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவை அலசிய ஆய்வில், தீவிர சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இத்தாலியின் லொம்பார்டியில் முதல் அலையில் ஐசியுவில் சேர்ந்த 1,591 பேரில் 82% ஆண்கள். புகைப்பழக்கம் மட்டும் காரணமல்ல. வைரஸை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றே.

பெண்கள் அதிகம் பிழைத்தார்கள், ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் பாதிப்பு அவர்களுக்கே அதிகம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால், “டென்ஷன்தாம்மா, ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிடுவது என்ன நியாயம்? அதைவிடக் கொடுமை, தடுப்பூசியின் முக்கியச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்காதது. இந்தியாவில் ஜனவரி 2021-இல் ஊசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு ஜூலையில்தான் அனுமதி. இடையில் இரண்டாம் அலையே வந்துபோய்விட்டது.