இரண்டு பல் பாக்கி: நீலகிரி ரோடுகளில் ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 400

பிரேக்குக்கு முழு மதிப்பெண். கியருக்கு, கம்பெனியிலிருந்து வரும் நிலையில், முக்கால்தான். பின் காசெட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை) மாற்றிவிட்டால் மிச்சக் கால் பங்கும் கிடைத்துவிடும். நீலகிரியில் கிராவல் சைக்கிள் (கப்பி, மண் ரோடுகளுக்கான சைக்கிள்) ஓட்ட ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் 400 கியர்-பிரேக் தொகுதி போதுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது.

2019-ல் வந்த தொகுதி. முன்னால் 46, 30 என்று இரண்டு செயின்ரிங் (மிதியோடு சுழலும் பல்சக்கரம்; எண் பற்களின் எண்ணிக்கை), பின்னால் 10 பல்சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். 2023-ல் 12-வேக (பின்னால் 12 பல்சக்கரம்) ஜிஆர்எக்ஸ் வந்துவிட்டாலும், நடுத்தர விலை சைக்கிள்களிலும் பழைய சைக்கிள் விற்பனையிலும் இந்த 400 இன்னும் கண்ணில் படுகிறது. சமவெளியில் இதைக் குறைசொல்ல அதிகம் இல்லை. மலையில்தான் ஒவ்வொரு பாகமும் தன் எல்லையைக் காட்டும்.

நீலகிரியில் தரை ஒரே மாதிரி இருப்பதில்லை. கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் போகும் கப்பி ரோடுகளில் பெரிய ஜல்லி, நடுவில் புல், வளைவுகளில் செங்குத்தான ஏற்றம். எமரால்டு, தலைகுந்தா பக்கம் புல்வெளி, சீகை (வாட்டில்) மரக்காடு, கற்பூர (யூக்கலிப்டஸ்) மரக்காடு, இடையிடையே பெயர்ந்த தார். கூடலூர் தாண்டி தேவாலா, பந்தலூர் போனால் செம்மண்ணும் சேறும். கோத்தகிரி கியரைச் சோதிக்கும், இறக்கங்கள் பிரேக்கைச் சோதிக்கும், பந்தலூர் செயினைச் சோதிக்கும்.

முதலில் கியர். கம்பெனி பொருத்தித் தரும் காசெட் பெரும்பாலும் 11-34 அல்லது 11-32; முதல் எண் மிகச் சின்ன பல்சக்கரத்தின் பற்கள், அடுத்தது மிகப் பெரியதன் பற்கள். முன்னால் 30, பின்னால் 34 என்றால் விகிதம் 0.88. 40 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி (பெடலின் 60 முழுச்சுற்று) மிதித்தால் வேகம் மணிக்கு 7 கி.மீ. ஓட்டுபவரும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 10 சதவீத ஏற்றத்தில் இதற்கே 180 வாட் வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். கீழே ஒரு மணி நேரம் தாங்குகிற உழைப்பு மேலே தாங்காது.

தார் ரோட்டில் எழுந்து நின்று மிதித்துச் சமாளித்துவிடலாம். கப்பி ரோட்டில் எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, ஜல்லியில் சக்கரம் வெறுமனே சுழலும். உட்கார்ந்தபடியே ஏறியாக வேண்டும். 15 சதவீத வளைவில் வேகம் 5 கி.மீ.க்கு இறங்கும்போது 30-34 கியரில் மிதி நிமிடத்துக்கு 43 ஆகிவிடுகிறது. அந்த அளவில் ஒவ்வொரு மிதியும் முட்டியில் இறங்கும். கிராவலுக்குத் தார் ரோட்டைவிடச் சின்ன கியர் தேவைப்படுவது இதனால்தான்.

தீர்வு 11-36 காசெட். இந்த பின் டெரெய்லருக்கு (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஷிமானோ அனுமதிக்கும் உச்சமே 36 பல். அதே 60 மிதிக்கு வேகம் 6.6 கி.மீ., 10 சதவீத ஏற்றத்துக்குத் தேவை 170 வாட் அளவுக்கு இறங்கும். எண்ணில் சின்னதாகத் தெரியும் இந்த வித்தியாசம் நீண்ட ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் நன்றாகவே தெரியும். அதற்குப் பதிலாக, பெரிய பல்சக்கரங்களில் 28, 32, 36 என்று நான்கு நான்கு பல்லாகத் தாவ வேண்டும். சமதளத்தில் அந்த இடைவெளி உறுத்தும். நீலகிரியில் சமதளம் எங்கே இருக்கிறது?

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. பின்சக்கர ஹப் 11-வேக காசெட்டுக்கான உடல் கொண்டதாக இருந்தால், காசெட்டுக்கு அடியில் 1.85 மி.மீ. ஸ்பேசர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் லாக்ரிங்கை (காசெட்டைப் பூட்டும் வளையம்) எவ்வளவு முறுக்கினாலும் காசெட் ஆடும். லாக்ரிங் முறுக்கு 40 நியூட்டன் மீட்டர். பழைய செயினை அப்படியே போட்டுவிடக் கூடாது. டெரெய்லர் வழியாக விடாமல், முன் 46-லும் பின் 36-லும் செயினைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். செயின் குட்டையாக இருந்து, யாராவது தவறுதலாகப் பெரியதுக்குப் பெரியது போட்டுவிட்டால், டெரெய்லரும் ஹேங்கரும் (டெரெய்லரைச் சட்டகத்தில் தாங்கும் துண்டு) சேர்ந்து முறியும். கடைசியாக பின் டெரெய்லரின் பி-ஸ்குரூவைத் திருகி, அதன் மேல் ஜாக்கி வீலுக்கும் (செயின் ஓடும் சின்னச் சக்கரம்) 36 பல்லுக்கும் இடையே 5 முதல் 6 மி.மீ. இடைவெளி வரச் செய்யுங்கள். இடைவெளி குறைந்தால் அந்தக் கியரில் உரசும் சத்தம் வரும். அதிகமானால் சின்னப் பற்களில் ஷிஃப்ட் மந்தமாகும்.

ஹேங்கரில் நீட்டிப்புத் துண்டு மாட்டி 42 பல் போடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். டெரெய்லர் இன்னும் கீழே தொங்கும், கல்லில் அடிபடும். கூடாரமும் பையும் கட்டிக்கொண்டு ஏறப் போகிறவர் இந்தத் தொகுதியை விட்டுவிட்டு, முன்னால் ஒற்றை செயின்ரிங் உள்ள மவுண்டன் பைக் கியருக்குப் போவது நல்லது.

முன் ஷிஃப்டில் 46-லிருந்து 30-க்கு 16 பல் இறக்கம். ஏற்றம் தொடங்கிய பின் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் உள்பக்கம் விழும். ஏற்றத்துக்கு முன்பே 30-க்கு இறக்கி, பின்னால் இரண்டு மூன்று பல்சக்கரம் சின்னதாக்கிக்கொண்டால் மிதி வேகம் கெடாது. முன் டெரெய்லரின் உள் லிமிட் ஸ்குரூவைத் திருகும்போது செயினுக்கும் அதன் கூண்டுக்கும் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

பிரேக்தான் இந்தத் தொகுதியின் பெருமை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கி.மீ. தூரத்தில் சுமார் 1,450 மீட்டர் இறக்கம். 85 கிலோ அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 12 லட்சம் ஜூல். 20 டிகிரித் தண்ணீர் மூன்றரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் இரண்டு சிறிய பிரேக் தகடுகளில் இறங்குகிறது. கம்பியில் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கில் பேடு (தகட்டைக் கவ்வும் கட்டை) தேயத் தேய லீவர் உள்ளே போகும், பாதி வழியில் நின்று திருக வேண்டிவரும். இதில் ஆயில் தானாக ஈடுகட்டுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஹூட்டின் (பிரேக் லீவரின் ரப்பர் பிடி) மேல் கைவைத்தபடி ஒற்றை விரலால் நிறுத்த முடிகிறது. குளிரில் விரல் விறைத்திருக்கும் டிசம்பர், ஜனவரிக் காலையில் இது பெரிய நிம்மதி.

ஆனால் இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் எந்த நல்ல பிரேக்கும் கெடும். ரெசின் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பாகி, பிடி போய்விடும். தகடு நீலம் பாரிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தை இறக்கி, முழுதாக விட்டுவிடுங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் தகடு ஆறுகிறது. புதுப் பேடு போட்டதும், மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நடக்கும் வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், ஓர் இருபது முறை பிடித்து விட்டு அதன்பிறகே மலை இறங்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு மெட்டல் பேடு நல்லது, சேற்றில் சீக்கிரம் தேயாது. மாற்றும் முன் தகட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ரெசின் பேடு மட்டும் என்று எழுதியிருந்தால் (ஆர்டி54 தகடு அப்படிப்பட்டது) மெட்டல் பேடு அந்தத் தகட்டை அரித்துவிடும். ஆர்டி64, ஆர்டி70 போன்றவை இரண்டையும் ஏற்கும். பேடின் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். தகடு புதிதில் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் ஆயுள் முடிந்தது. ஆயில் ஷிமானோ மினரல் ஆயில் மட்டும். கார், பைக்குக்கு விற்கும் டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போய், லீவரும் காலிப்பரும் (பேடைத் தகட்டில் அழுத்தும் பாகம்) இரண்டுமே வீண்.

இனி பந்தலூர். 1880 வாக்கில் தேவாலாவும் பந்தலூரும் தங்கத்துக்காகப் பேசப்பட்ட ஊர்கள். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித்தின் அறிக்கைக்குப் பிறகு, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே எல்லாம் சரிந்தது. தோண்டிய குழிகளும் குகைகளும் மிஞ்சின. தங்கம் இருந்தது வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) படிவங்களில். உடைந்த வெங்கச்சங்கல்லின் விளிம்பு டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். டியூப் இல்லாத டயருக்கு 60 முதல் 80 மி.லி. சீலண்ட் (துளை அடைக்கும் திரவம்) ஊற்றி, 75 கிலோ ஆளுக்கு முன்னால் 30, பின்னால் 34 பிஎஸ்ஐ காற்று வைத்தால் மற்ற துளைகள் பெரும்பாலும் தானே அடையும். பக்கச் சுவர்க் கிழிசலுக்கு சீலண்ட் உதவாது. உள்ளிருந்து ஒட்ட ஒரு டயர்த் துண்டும் ஒரு டியூபும் பையில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே செம்மண் பசையாகிவிடும். முன் டெரெய்லர் கூண்டில் மண் அடைத்து, 46-க்கு ஏற மறுக்கும். ஒற்றை செயின்ரிங் சைக்கிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பின் டெரெய்லரில் உள்ள கிளட்ச், கல்மேல் குதிக்கும்போது செயின் கழன்றுவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. சக்கரம் கழற்றும்போது அதன் சின்ன லீவரை அணைத்துவிட்டு, மாட்டியபின் மறக்காமல் போடுங்கள். அணைத்தபடியே ஓட்டினால் செயின் சட்டகத்தில் அடித்துக்கொண்டே வரும். சேற்று ஓட்டத்துக்குப் பிறகு செயினைக் கழுவி, உலரவிட்டு, பிறகே எண்ணெய் போட வேண்டும். செயின் அளவி 0.75 (சதவீத நீட்சி) காட்டினால் புதுச் செயின் போடுங்கள். அதைத் தாண்டி ஓட்டினால் காசெட்டும் கூடவே போய்விடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்குப் பிறகு. ஆகவே தென்மேற்குப் பருவத்தில் கிழக்குச் சரிவும், அது ஓய்ந்த பிறகு பந்தலூரும் என்று வைத்துக்கொண்டால் பாகங்கள் அதிக நாள் வரும்.

சுரங்கக் குழிகள் பல உண்ணிச்செடிப் புதருக்குள் மறைந்திருக்கின்றன. குகைகளுக்குள் மூச்சுக்காற்று இருக்கும் என்பதற்கோ கூரை நிற்கும் என்பதற்கோ உத்தரவாதம் இல்லை. ரோட்டை விட்டு இறங்காதீர்கள். யானைகள் ஊருக்குள்ளேயே நடமாடும் பகுதி இது. விடிந்து வெயில் வந்தபின் கிளம்பி, மாலை 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். தோட்டத்து ரோடு டான்டீயுடையதோ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தனியாருடையதோ, அலுவலகத்தில் கேட்டுவிட்டே நுழைய வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் சக்கரம் வைப்பது குற்றம்.

ஊட்டியை ஒட்டிய வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் சைக்கிளை இறக்கிப் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறோம். சரிவில் பதிந்த ஒரு டயர்த் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும், அந்த வாய்க்கால் புல்லை அரிக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கோர்ஸ் முள்ளும் சீகையும் ஏற்கனவே அந்தப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கின்றன. தோடர் மந்துக்கு (தோடர்களின் குடியிருப்பு) போகும் பாதைகளும் நமக்கான ரோடு அல்ல. இங்கே கிராவல் சைக்கிளின் வேலை, பெயர்ந்த தாரிலும் ஏற்கனவே இருக்கிற மண் ரோட்டிலும்தான்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பலவீனம் இருக்கிறது. இதன் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) கேபிளை இழுக்கும் அளவு, ஷிமானோவின் ரோடு சைக்கிள் தொகுதியான டியாக்ரா 4700-ன் அளவு. பழைய 10-வேக டியாக்ராவுக்கும் மவுண்டன் பைக்கின் 10-வேக டியோருக்கும் அது வேறு. கல்லில் அடிபட்டு டெரெய்லர் உடைந்தால், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு 10-வேக டெரெய்லரை மாட்டிக்கொண்டு வீடு திரும்ப முடியாது; கியர்கள் ஒழுங்காக உட்காராது. உங்கள் சட்டகத்துக்கான ஹேங்கர் ஒன்றைச் சைக்கிள் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கி, சீட்டுப் பையில் போட்டுவிடுங்கள். கூடவே 10-வேக செயினுக்கான குவிக் லிங்க் (செயினை இணைக்கும் கண்ணி) இரண்டும், பேடு ஒரு ஜோடியும். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்தால் அதை எடுக்க கோவை வரை போக வேண்டிவரலாம். ஆகவே லீவர் பஞ்சுபோல் அமுங்குவதை உணர்ந்தால், மலை ஏறும் முன்பே கீழேயே சரிசெய்துகொள்ளுங்கள்.