மூன்று ஃபில்டர் வாங்கினேன், ஒன்றுதான் உழைக்கிறது
எங்கள் மொட்டைமாடி கோயம்புத்தூரில். எதிரே எல்இடி தெருவிளக்கு, வடக்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. இந்த ஊரில் துருவ நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால் தொட்டி அதைச் சுத்தமாக மறைத்துவிடும். வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் டிராக்கரை, அந்த நட்சத்திரம் தெரியாமல் திசை பார்த்து வைப்பதற்குள்ளேயே ஒரு டீ ஆறிவிடுகிறது. இங்கிருந்துதான் நெபுலா, அதாவது விண்வெளியில் ஒளிரும் வாயு மேகங்களைப் படம் எடுக்கிறேன்.

கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 600டி. 2011-ல் வந்த மாடல். சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி, நெபுலாக்களின் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா சிவப்பில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் உள்ளே விடும். என்னிடம் வரும்போதே இதில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாற்றிய புண்ணியவான் ஒரு தூசியையும் உள்ளே வைத்து மூடிவிட்டார். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்த படம்; தூசியின் நிழலைக் கழிக்க உதவும்) எடுத்துச் சமாளிக்கிறேன். இன்னொன்று: இந்தக் கேமராவை வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். நான் போனேன். படத்தைப் பார்த்த அத்தை, "ஏன்டா, எல்லார் மூஞ்சியும் வெயில்ல வெந்த மாதிரி இருக்கு?" என்றார். ஒயிட் பேலன்ஸை நாமே வைத்தால் ஓரளவு சரியாகும்.

சரி, ஃபில்டருக்கு வருவோம். லென்ஸைக் கழற்றி, கேமரா வாய்க்குள் 'டக்' என்று பொருத்தும் வகை. ஒவ்வொன்றும் ஒரு வாயுவின் நிறத்தை, 12 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் உள்ளே விடும். ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம் என்று மூன்றும் சேர்ந்த செட்டாக வாங்கினேன். அங்கேதான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஹைட்ரஜன் ஃபில்டர் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. பிப்ரவரியில், பாதி நிலா வெளிச்சத்தில், திருவாதிரைக்குக் கிழக்கே இருக்கும் ரோசெட் நெபுலாவை எடுத்தேன். நம் ஊருக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வரும். 200 மி.மீ. லென்ஸ், எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, 2 நிமிடம் வீதம் 90 படங்கள். நட்சத்திரம் இழுத்துக்கொண்ட படங்களைத் தள்ளி மிச்சத்தை ஒரே படமாக அடுக்கியபோது, நடுவில் ஓட்டையோடு அந்த வளையமும், அதன் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுகளும் தெரிந்தன. தெருவிளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.

குறையும் உண்டு. சென்சாரில் நாலு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. 18 மெகாபிக்சல் கேமரா இந்த ஃபில்டரோடு நாலரை மெகாபிக்சல் ஆகிவிடும். ஃபோகஸ் பண்ணுவது இன்னும் பெரிய ரோதனை. வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. ஃபில்டரைப் போட்டுக்கொண்டே திருவாதிரைக்குத் திருப்பி, லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் சரியா என்று ஒளிக்கோடுகளால் காட்டும் மூடி) வைத்துச் சரிசெய்து, ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிட்டு நெபுலாவுக்குப் போக வேண்டும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஃபோகஸ் பண்ணி, பிறகு போட்டால் தப்பாகிவிடும். ஆகவே ஒரு ராத்திரிக்கு ஒரு ஃபில்டர்தான். இ.எஃப்.-எஸ் லென்ஸ் (கேனானின் சின்ன சென்சார் கேமராக்களுக்கென வருவது) மட்டும் வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம். பின்பக்கம் நீட்டிக்கொண்டு ஃபில்டரில் இடிக்கும்.

ஆக்ஸிஜன் ஃபில்டருக்குப் பச்சை, நீலம் இரண்டு பிக்சல்களும் வேலை செய்யும் என்பது நல்ல விஷயம். ஆனால் நிலா இருந்தால் படம் வெளிறிவிடுகிறது. என்னிடம் உள்ளதில், பளிச்சென்ற நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமும் விழுகிறது. குதிரைத்தலை நெபுலா பக்கம் அல்னிடாக் நட்சத்திரம் ஒரு தோசை அளவுக்கு வந்து உட்கார்ந்தது. கந்தகமும் சிவப்புப் பிக்சலில்தான் விழும், ஒளியோ இன்னும் மங்கல். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் சென்சார் சூடாகி, படத்தில் புள்ளிப் புள்ளியான இரைச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. டார்க் (லென்ஸை மூடிவைத்து எடுக்கும் படம்) எடுத்துக் கழித்தும் அதே கதைதான்.

இன்று வாங்குவதானால் ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஒரே சமயத்தில் விடும் டூயல்-பேண்ட் ஃபில்டரைத்தான் எடுப்பேன். கலர் கேமராவில் எந்தப் பிக்சலும் சும்மா இருக்காது. ஆனாலும் நிலா இரவுகளுக்கு வேண்டும் என்பதால், இந்த ஹைட்ரஜன் ஃபில்டரை யாருக்கும் கொடுக்க மனமில்லை.

கந்தக ஃபில்டர் டப்பாவில் அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் பாதி விலை. துடைக்கிற துணியும் சேர்த்துத் தருகிறேன்.