கிரிப் சேஃப்டி: விட்டுவிடலாமா, திருத்தலாமா, முடக்கலாமா?

ஒரு கிளப் போட்டியில் எனக்கு நடந்தது இது. பஸ்ஸர் அடித்தது. துப்பாக்கி ஹோல்ஸ்டரை, அதாவது இடுப்பு உறையை, விட்டு மேலே வந்தது, இடது கை வந்து சேர்ந்தது, குறிபார்க்கும் சைட் இலக்கின் மேல் நின்றது. ட்ரிகரை இழுத்தால் சுவரை இழுப்பது போல இருந்தது. கட்டைவிரலால் தள்ளும் பூட்டு நெம்புகோலான தம்ப் சேஃப்டியை இறக்கத்தான் இறக்கியிருந்தேன். பிறகுதான் புரிந்தது. கட்டைவிரல் அந்த நெம்புகோலின் மேல் ஏறி உட்கார்ந்ததில், உள்ளங்கை கைப்பிடியின் முதுகை விட்டு அரை நூல் விலகியிருந்தது. கைப்பிடியின் முதுகிலுள்ள பூட்டான கிரிப் சேஃப்டி முழுதாக அமுங்கவில்லை.

1911 என்னும் பழைய அமெரிக்க ராணுவ வடிவக் கைத்துப்பாக்கியோடு போட்டிக்கு வரும் பலரும் இந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகு நான்கு வழிகள் பேசப்படும்: அப்படியே விட்டுவிட்டுக் கையை மாற்றுவது, மேடு வைத்த பாகத்தைப் பொருத்துவது, கிரிப் சேஃப்டியையே முடக்கிவிடுவது, அது இல்லாத துப்பாக்கிக்கு மாறுவது. எது சரி என்பது நீங்கள் எந்தப் போட்டிக்குப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கைப்பிடியின் பின்பக்கம் அசையும் ஒரு துண்டு. இறுகப் பிடித்தால் உள்ளே போகும். போனால்தான் ட்ரிகர் பின்னால் நகரும். கையை எடுத்ததும், உள்ளே மூன்று விரல்களாகப் பிரிந்த பட்டை ஸ்பிரிங்கின் வலது விரல் அதை வெளியே தள்ளிவிடும். வழக்கமான 1911இல் அது தடுப்பது ட்ரிகரை மட்டும்தான். அடித்துச் சுடவைக்கும் சுத்தியான ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரைப் பூட்டுவது தம்ப் சேஃப்டியின் வேலை. விதிப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காததன் காரணத்தில் பாதி இங்கேயே இருக்கிறது.

இதன் பின்னணியில் இருப்பது குதிரைப்படை. ஓடும் குதிரையின் மேல் இருப்பவன் கையிலிருந்து துப்பாக்கி நழுவினால், கை விலகிய அந்தக் கணமே ட்ரிகர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஜான் ப்ரௌனிங் 1910இல் கொடுத்த மாதிரியில் கிரிப் சேஃப்டி இருந்தது, தம்ப் சேஃப்டி இல்லை. பின்னது ராணுவம் கேட்டுச் சேர்ந்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒற்றைக் கையால், கட்டைவிரலைக் கீழே மடக்கித்தான் சுட்டார்கள். அப்படிப் பிடித்தால் கிரிப் சேஃப்டி தானாக அமுங்கிவிடும். இன்று ஓடியாடி வேகமாகச் சுடும் ஆக்‌ஷன் போட்டிகளில் இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலை உயரே நெம்புகோலின் மேல் வைக்கிறோம். துப்பாக்கி அதேதான், கைதான் மாறிவிட்டது.

சரி, வழிகளுக்கு வருவோம். அப்படியே விட்டுவிட்டுக் கட்டைவிரலைக் கீழே இறக்குவது செலவில்லாத வழி. ஆனால் வேகமாகச் சுடும்போது விரல் தெரியாமல் நெம்புகோலை மேலே தட்டிவிடும் ஆபத்து உண்டு. சுட்டதும் துப்பாக்கி துள்ளுவதைக் கட்டுப்படுத்துவதும் கடினம். எனக்கு ஒத்துவரவில்லை.

மேடு வைத்த பாகம் என்பது வால்போல நீண்ட கிரிப் சேஃப்டி. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு புடைப்பு இருக்கும். உள்ளங்கை சற்று விலகினாலும் அந்தப் புடைப்பைத் தொட்டுவிடும். துப்பாக்கி வேலை தெரிந்த நல்ல கன்ஸ்மித் கையில் கொடுத்தால், அது எவ்வளவு அமுங்கியதும் ட்ரிகரை விட வேண்டும் என்பதையும் சரிசெய்து தருவார். பாதி அமுங்கினாலே விடும்படி வைத்தால் போதும். கையை எடுத்தால் பூட்டும் குணம் அப்படியே இருக்கும். இதைத் தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். கூடுதலாகத் தேய்த்து எடுத்துவிட்டால் அது பெயருக்கு மட்டும் சேஃப்டியாக நிற்கும்.

முடக்குவது என்றால், அமுங்கிய நிலையிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுவது. போட்டியாளர் பார்வையில் இதன் கவர்ச்சி புரிகிறது: ட்ரிகர் இனி ஒருபோதும் ஏமாற்றாது. ஆனால் எல்லா 1911-உம் உள்ளே ஒன்றல்ல. கிம்பரின் சீரிஸ் 2 போன்றவற்றில் கிரிப் சேஃப்டிதான் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் தடையையும் விலக்குகிறது. அங்கே கிரிப் சேஃப்டியை முடக்கினால், துப்பாக்கி கீழே விழும்போது காப்பாற்ற வேண்டிய தடையும் எப்போதும் திறந்தே கிடக்கும். ஒன்றை எடுத்ததாக நினைப்பீர்கள், போவது இரண்டு.

இப்போது விதிகள். ஆக்‌ஷன் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான யூ.எஸ்.பி.எஸ்.ஏ.வின் விதிப்புத்தகம் ‘சேஃப்டி’ என்று சொல்வது கண்ணுக்குத் தெரியும் முதன்மை நெம்புகோலை. 1911இன் தம்ப் சேஃப்டியையே உதாரணமாகக் காட்டுகிறது. தோட்டா ஏறிய, ஹேமரை முன்பே பின்னிழுத்து வைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் துப்பாக்கியை அதைப் போடாமல் ஹோல்ஸ்டரில் வைத்தால் அன்றைய போட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். கிரிப் சேஃப்டிக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஓப்பன், லிமிடெட் பிரிவுகளில் அதை முடக்கிய துப்பாக்கிகள் வெகுகாலமாகச் சகஜம்.

1996இல் தொடங்கிய ஐ.டி.பி.ஏ. என்ற இன்னொரு அமைப்பு நேர் எதிர்ப்பக்கம். தற்காப்புக்காக இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கான போட்டி அது. எனவே எந்தப் பாதுகாப்பு அமைப்பையும் செயலிழக்கச் செய்யக் கூடாது. கிரிப் சேஃப்டியும் அதில் அடக்கம். இந்த விஷயத்தில் நான் ஐ.டி.பி.ஏ. பக்கம். சட்டைக்குள் நாள் முழுக்க இருக்கும் துப்பாக்கியில் ஒரு பூட்டைக் கழற்றுவதற்கு அரை நொடி லாபம் போதுமான காரணமாக எனக்குப் படவில்லை.

அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.வின், வட்ட இலக்கைச் சுடும் புல்ஸ்ஐ போட்டி வேறு உலகம். நின்றபடி ஒற்றைக் கையால், 25 கஜத்திலும் 50 கஜத்திலும் 270 தோட்டாக்கள், 2700 புள்ளிகள். .45 அளவுத் துப்பாக்கியின் ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் விசை 3.5 பவுண்டுக்குக் குறையக் கூடாது, பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் சரியாக வேலை செய்ய வேண்டும். இங்கே சச்சரவே எழுவதில்லை, ஏனென்றால் பிடி பழைய பிடி. கைப்பிடியை நிதானமாக உள்ளங்கையில் பதித்துவிட்டுத்தான் கையையே உயர்த்துகிறார்கள்.

ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும், சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.பின் போட்டிகளில் இந்தக் கேள்வியே இல்லை. 2012இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் ரேபிட் ஃபயருக்கான .22 துப்பாக்கிகளில் கிரிப் சேஃப்டி கிடையாது. அங்கே கவலை எல்லாம் கைப்பிடியின் வடிவத்தைப் பற்றி: கையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. ட்ரிகருக்குக் குறைந்தது 1000 கிராம் இழுவை. குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். கல் எழும்பினால் தேறியது.

நான்காவது வழிக்கு நல்ல உதாரணம் சி.இசட். ஷேடோ 2 என்ற போட்டித் துப்பாக்கி. கிரிப் சேஃப்டி கிடையாது, ஃபயரிங் பின் தடையும் தொழிற்சாலையிலேயே இல்லை. இல்லாத ஒன்றை முடக்கியதாக யாரும் சொல்ல முடியாது. கிரிப் சேஃப்டி பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: அதை முடக்காதீர்கள், அது இல்லாமலே வடிவமைக்கப்பட்ட துப்பாக்கியை வாங்குங்கள்.

1911-ஐ விட மனமில்லாதவர்களுக்கு மேடு வைத்த பாகம்தான் என் தேர்வு. கிரிப் சேஃப்டி வேலை செய்வதால் யூ.எஸ்.பி.எஸ்.ஏ., ஐ.டி.பி.ஏ., என்.ஆர்.ஏ. மூன்றிலும் அதை யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற அளவுகளுக்கு அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். கன்ஸ்மித்திடமிருந்து வாங்கும்போது வலது கையால் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, இடது கையில் மட்டும், அவசரத்தில் பிடிப்பதுபோலக் கோணலாகப் பிடித்து ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். பலவீனமான கையால் மட்டும் சுடச் சொல்லும் ஸ்டேஜ்களில், அதாவது போட்டிச் சுற்றுகளில்தான் அந்த அரை நூல் திரும்ப வரும்.