ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளத்துக்கு மறுபூச்சு: சில ஆண்டுகள் கழித்து

எங்கள் வீட்டு நீச்சல்குளத்துக்கு மறுபூச்சுப் போட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வேலை முடிந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பளபளப்பைத் தவிர வேறு எதையும் எழுதியிருக்க முடியாது. எந்தப் பூச்சும் முதல் ஆண்டில் அழகாகத்தான் இருக்கும். அதன் தரம் பிறகுதான் தெரியும்.

பழைய குளத்தின் சுவரைத் தடவினால் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் வேறு. பொடி உதிர்வது பெரிய நோய் அல்ல. வெயிலிலும் குளோரினிலும் மேல்பூச்சு தேய்வதால் வருவது; தேய்மானம் ஆழமாக இல்லாவிட்டால் மெருகேற்றினாலே போதும். கொப்புளம் அப்படியல்ல. ஜெல்கோட் எனப்படும் மேல்பூச்சின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அது முற்றிலும் நீர்புகாத பொருளும் அல்ல. ஆண்டுக்கணக்கில் ஊடுருவும் நீர், உள்ளே கண்ணாடியிழையைப் பிணைத்திருக்கும் பாலியஸ்டர் ரெசினில் கரையக்கூடியவற்றைக் கரைத்து அமிலக் கரைசலாகிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவல் மூலம் மேலும் மேலும் நீரை இழுக்க, அழுத்தம் கூடிப் பூச்சு உப்பி எழுகிறது. பணியாளர் ஒரு கொப்புளத்தை உளிமுனையால் குத்திக் காட்டினார். பழுப்பு நிறத் திரவம் பீறிட்டது. விரலில் பிசுபிசுத்தது, வினிகர் நெடி அடித்தது. இதன்மேல் வெறும் பெயின்ட் அடிப்பதில் பொருளே இல்லை என்பது அப்போதே உறுதியாயிற்று.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் எபாக்ஸி பெயின்ட் அடித்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எபாக்ஸி நன்றாக ஒட்டும், செலவும் குறைவு. ஆனால் வெயில் பட்டுப் பட்டுப் பொடியத் தொடங்கும்; சில ஆண்டுகளில் மீண்டும் அடிக்க வேண்டிவரும். அதைவிட முக்கியமானது, எபாக்ஸியின்மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் நம்பும்படி ஒட்டாது. பின்னால் மனம் மாறினால் அவ்வளவையும் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் மறுவேலை.

தண்ணீரை வெளியேற்றுவதுதான் உண்மையான ஆபத்து. குளத்தின் ஓடு, அதாவது தொட்டி வடிவ ஃபைபர்கிளாஸ் உடல், எடை குறைந்தது. உள்ளே நிறைந்திருக்கும் நீர்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலி செய்தால் ஓடு மேலே எழும்பும், அல்லது சுவர் உட்பக்கமாகப் பிதுங்கும். மழையில்லாத காலமாகப் பார்த்து, அடியில் நிலத்தடி நீரின் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வைத் திறந்து, சுவர்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்கினார்கள். "சும்மா இறைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பொறுமையைச் சோதித்தது உலர்த்தும் கட்டம். கொப்புளங்களை கிரைண்டரால் திறந்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். அமிலத்தின் எச்சம் துளி இருந்தாலும் அது மறுபடி நீரை இழுக்கும். பிறகு காயவிட்டு, ஈரமானியால் ஓரிடம் விடாமல் அளந்தார்கள். கையால் தொட்டு "காய்ந்துவிட்டது" என்று சொல்வதை நான் ஏற்கவே இல்லை. அதன்மேல் வினைல் எஸ்டர் என்ற வேறு வகை ரெசினாலான நிரப்பி, வினைல் எஸ்டர் ரெசினில் தோய்த்த கண்ணாடியிழைப் பாய், கடைசியாக ஜெல்கோட். நீரால் சிதைவதை வினைல் எஸ்டர் சாதாரணப் பாலியஸ்டரைவிட நன்றாகத் தாங்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த நடு அடுக்கைத்தான்; வெட்டவே கூடாததும் இதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் இறுதிப் பூச்சில் மெழுகு கலந்தார்கள். அது மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கிறது. ரெசினை இறுகவைக்கும் கடினமாக்கியை எடை போட்டே கலந்தார்கள், கண்மதிப்பில் அல்ல.

இன்றுவரை ஒரு கொப்புளமும் இல்லை. பூச்சின் அடர்நீலம் நீர்மட்ட விளிம்பில் சற்று வெளுத்திருக்கிறது. அடர்நிறம் விரும்புவோர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். படிக்கட்டின் ஒரு மூலையில் மயிரிழை விரிசல் வந்தது. படிக்கு அடியில் வெற்றிடம் இருந்ததால் மிதிக்கும்போதெல்லாம் அது அசைந்தது; அசைவை நிறுத்தாமல் எந்தப் பூச்சும் அங்கே நிற்காது. அடியை நிரப்பிய பிறகு விரிசல் திரும்பவில்லை.

பராமரிப்பில் நீரின் சமநிலைதான் எல்லாம். பி.எச். (அமில-கார அளவு) 7.2 முதல் 7.6 வரை, பி.எச். சட்டென மாறாமல் காக்கும் காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை வைத்திருக்கிறேன். பி.எச். ஏறினால் சுண்ணாம்புப் படிவு சொரசொரவென்று ஒட்டும். குளோரின் குருணையை நேராகக் கொட்டுவதில்லை. தரையில் தங்கினால் அந்த இடம் வெளுத்துவிடும், ஆகவே வாளியில் கரைத்தே ஊற்றுகிறேன். இரும்பு நார் கொண்டு தேய்ப்பதும் கிடையாது, உதிரும் துகள் துருக்கறையாகிவிடும். பழுப்புக் கறை தென்பட்டால் வைட்டமின் சி மாத்திரையை அதன்மேல் சற்று நேரம் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை மங்கினால் அது பெரும்பாலும் இரும்புக் கறை. பூச்சைத் தொடவே தேவையில்லை.

வேலை முடிந்ததும் ஜெல்கோட்டின் வகை, நிறக்குறியீடு, தயாரிப்புத் தொகுதி எண் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை டின்னில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியாது, மூடியபடியே இறுகிவிடும். படி மூலையைச் சரிசெய்தபோது அதே நிறம் கிடைத்தது அந்தத் தாளால்தான்.