லவுடன் கவுண்டியில் வீடு வாங்குகிறீர்களா? 'கமிஷனில் பாதி உங்களுக்கே' என்பவர்களை நம்பாதீர்கள்

இன்று காலை நாங்கள் வீடு வாங்க உதவிய கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. ஏஜென்ட் கமிஷனில் பாதியை ரிபேட்டாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன 9,500 டாலர் கிடையாதாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டியில் ஆஷ்பர்ன், பிராம்பிள்டன் பக்கம் வீடு தேடும் நம்மவர்கள் யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும்.

இங்கே விலை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. குடும்ப வருமானத்தில் அமெரிக்காவிலேயே முன்னணியில் இருக்கும் கவுண்டி, 2022 நவம்பரில் சில்வர் லைன் மெட்ரோவும் ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. ஒரு டவுன்ஹவுஸுக்கே 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர் கொடுத்தோம். இந்த நிலையில்தான் ஆன்லைனில் வீடு வாங்க உதவும் அந்தக் கம்பெனி, ஏஜென்ட் கமிஷனில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. வர்ஜீனியாவில் இப்படித் தருவது சட்டப்படி சரிதான்.

அவர்கள் அனுப்பிய ஏஜென்ட் திருச்சிப் பையன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எங்கள் அப்பார்ட்மென்ட் கிச்சனில் காபி குடித்துக்கொண்டே போனில் கால்குலேட்டரைத் திறந்து, கமிஷன் வீட்டு விலையில் இரண்டரை சதவீதம், அதாவது 19,000, அதில் பாதி 9,500 என்று தட்டி, திரையைத் திருப்பிக் காட்டினான். "இது உங்க பணம்க்கா, க்ளோசிங் அன்னிக்கே வந்துடும்" என்றான். க்ளோசிங் என்றால் கடைசிக் கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிக்கும் நாள். நம்ம ஊர்ப் பையன், முகம் பார்த்துப் பேசுகிறான், அந்தப் பணத்தில் தரையை மாற்றலாம் என்று நானும் இவரும் அன்றே பேசிவிட்டோம்.

க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்னால் கடன் கொடுக்கும் லெண்டர் தர வேண்டிய க்ளோசிங் டிஸ்க்ளோஷர், அதாவது கடனும் செலவும் எழுதிய இறுதிக் கணக்கு, வந்தது. வரி வரியாகத் தேடினேன், 9,500 எங்குமே இல்லை. போன் போட்டால், "இப்போ சேர்த்தா மறுபடி மூணு நாள் காத்திருக்கணும்க்கா, வட்டி மாறாம பிடிச்சு வெச்ச ரேட் லாக் போயிடும், செக்கா தனியா அனுப்பிடுறோம்" என்றான். இது பச்சைப் பொய். ஏபிஆர் (கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம்) வரம்பு தாண்டி மாறினாலோ, கடன் வகை மாறினாலோ, முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்ற ஷரத்து சேர்ந்தாலோதான் அந்த மூன்று நாள் திரும்பவும் ஆரம்பிக்கும். வீடு கைநழுவிவிடும் என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள்.

அப்புறம் அலைக்கழிப்புதான். அக்கவுண்ட்ஸில் இருக்கிறது என்றார்கள், அடுத்த வாரம் என்றார்கள், பையன் போனை எடுப்பதை நிறுத்தினான், சாட்டில் கேட்டால் அவர் இப்போது எங்களிடம் இல்லை என்று பதில். இன்றைக்கு என்னடாவென்றால், ஏஜென்ட் நேரில் வந்து பல வீடுகளைக் காட்டியதால் சலுகை பொருந்தாதாம்! இப்படி ஒரு விதி இருப்பதையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். வீட்டைக் காட்டாமல் ஏஜென்ட் எதற்கு?

ஏஜென்ட்களுக்கு லைசென்ஸ் தரும் மாநில ரியல் எஸ்டேட் போர்டில் புகார் கொடுத்தால் லைசென்ஸ் மேல் நடவடிக்கை எடுப்பார்களே தவிர பணத்தை வாங்கித் தர மாட்டார்கள். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 5,000 டாலர் வரைதான் கேட்க முடியும், எனக்கு வர வேண்டியது 9,500. அதனால் அதைவிடப் பெரிய தொகை கேட்கக்கூடிய ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வாங்கப்போகிறவர்களுக்கு அவசரமாக இரண்டு மூன்று விஷயம். வீடு பார்க்கும் முன்பே ஏஜென்டோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது 2024 ஆகஸ்டிலிருந்து நடைமுறை, ரிபேட் எவ்வளவு, என்ன நிபந்தனை என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். லெண்டருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்க்ளோஷரில் அந்தத் தொகை ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகச் செக் என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம், லெண்டருக்குத் தெரியாமல் கைமாறும் பணம் வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

நாளை வக்கீலைப் பார்க்கிறோம். உங்களில் யாருக்காவது இதே மாதிரி ரிபேட் வராமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.